மெமரி 94 சதவீதம் என்றால் எழுந்து உட்கார வேண்டுமா?

"அண்ணா, பில்லிங் சர்வர்ல மெமரி 94. சிவப்பா காட்டுது. ரீஸ்டார்ட் பண்ணிடவா?"

ராத்திரி 2.10. நைட் ஷிஃப்ட் தம்பியின் போன். "எதையும் தொடாதே, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணிக்கு பேக்கப் ஓடத் தொடங்கும். அது டிஸ்கிலிருந்து கோப்புகளைப் படிக்கப் படிக்க, சர்வரை இயக்கும் லினக்ஸ் அவற்றின் நகலைச் சும்மா கிடக்கும் மெமரியில் போட்டு வைத்துக்கொள்ளும். இதுதான் கேஷ். வேறு புரோகிராமுக்கு இடம் வேண்டும் என்றால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். சர்வர்களின் நிலையைக் காட்டும் எங்கள் டாஷ்போர்டில் இருந்த மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அந்த மீட்டரை வைத்தவன் நான்தான்.

"அது சும்மா கேஷ். எப்பவும் அப்படித்தான் இருக்கும், பயப்படாதே" என்று தம்பியிடம் சொன்னேன். அந்தப் பேச்சுதான் வினையாகப் போனது.

அடுத்த மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பனை அறிக்கை எடுக்கும் நாள். மீட்டர் அன்றும் 94, 95 என்றுதான் நின்றது. எப்பவும் அப்படித்தானே என்று யாரும் போன் செய்யவில்லை. மாலை ஆறரை மணிக்கு லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கும் ஓஓஎம் கில்லர், அதாவது மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்தி இடம் பிடிக்கும் பகுதி, எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸின் ஒரு ப்ராசஸைக் கொன்றது. போஸ்ட்கிரஸுக்கு ஒரு சுபாவம் உண்டு. தன் ப்ராசஸ்களில் ஒன்று அப்படித் திடீரென்று செத்தால், எல்லாரும் சேர்ந்து எழுதும் பொது மெமரி கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்புப் பணியில் இறங்கிவிடும். அத்தனை கடைகளின் திரையும் ஒன்றாக நின்றது. போன் அடிக்கத் தொடங்கியது.

மீட்டர் ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். ஒரு தடவை வீணாக எழுப்பியது, இன்னொரு தடவை எழுப்ப வேண்டிய நேரத்தில் தூங்கவிட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தோம்: புதுச்சேரி லாஸ்பேட்டை அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் டிவியில், எங்கள் ஒன்பது சர்வர்களின் மெமரியை எப்படிக் காட்டுவது? நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றும் சில வாரம் சுவரில் இருந்தது. இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

கிராஃபுக்கு முன்னால் எண்

எந்த வகைக் கிராஃப் நல்லது என்று சண்டை போடுவதற்கு முன்பு, எந்த எண்ணை வரையப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். இதைத் தாண்டிப் போய்விட்டு நிறம், தடிமன் என்று எவ்வளவு பேசினாலும் வீண்.

பில்லிங் சர்வரில் ஒரு சாதாரண மதியம் எடுத்த கணக்கு இது. மொத்தம் 15.6 ஜிபி. அதில் யாரும் தொடாமல் கிடப்பது, அதாவது மெம்ஃப்ரீ, 0.5. டிஸ்க் வேலைக்கான தற்காலிக இடம், பஃபர்ஸ், 0.2. கேஷ் என்று லினக்ஸ் கணக்கு வைப்பது, கேஷ்டு, 9.8. புரோகிராம்கள் தங்களுக்கென்று எடுத்து வைத்திருப்பது 4.3. மிச்சம் கெர்னலின் சொந்தச் செலவு.

இப்போது "எத்தனை சதவீதம் பயன்பாட்டில் இருக்கிறது" என்று கேளுங்கள். மொத்தத்திலிருந்து ஃப்ரீயை மட்டும் கழித்தால் 97 சதவீதம். கேஷும் பஃபரும் காலி மாதிரிதானே என்று அவற்றையும் கழித்தால் 33 சதவீதம். கெர்னல் தானே கணித்துச் சொல்லும் மெம்அவைலபிள் அன்று 6.4 ஜிபி, அதைக் கழித்தால் 59 சதவீதம். ஒரே மெஷின், ஒரே நொடி, மூன்று பதில்கள். மூன்றையும் அழகான கிராஃபாக வரையலாம். மூன்றுக்கும் "மெமரி யூசேஜ்" என்று தலைப்பு வைத்த டாஷ்போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

97 தப்பு என்பது அந்த ராத்திரி போனிலேயே தெரிந்துவிட்டது. 33 ஏன் தப்பு என்பதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். கேஷ்டு என்று லினக்ஸ் சொல்லும் கணக்கிற்குள் ஷ்மெம் என்ற பொது மெமரியும் சேர்ந்தே வருகிறது. போஸ்ட்கிரஸ் தன் தரவை வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸ் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். எங்கள் சர்வரில் அதற்கு 4 ஜிபி ஒதுக்கியிருக்கிறோம். பெயர் கேஷ் என்றாலும், டிஸ்கில் இருக்கும் கோப்பின் நகல் மாதிரி இதைக் கெர்னல் தூக்கி எறிய முடியாது. அதிகபட்சம் ஸ்வாப்புக்கு, அதாவது மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடத்துக்குத் தள்ளலாம். ஆகவே கேஷ் முழுவதையும் "கேட்டால் கிடைக்கும்" என்று கணக்குப் போட்டால், டேட்டாபேஸ் சர்வரில் இல்லாத 4 ஜிபியை இருப்பதாக நம்பிவிடுவோம். 97 பயமுறுத்தும், அவ்வளவுதான். 33 ஏமாற்றும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம்.

மெம்அவைலபிள் 2014-இல் கெர்னல் 3.14-உடன் வந்தது. ஸ்வாப்பில் கை வைக்காமல் புது வேலைக்கு எவ்வளவு மெமரி கொடுக்க முடியும் என்று கெர்னலே போடும் மதிப்பீடு அது. பொது மெமரியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. தனக்கென்று கொஞ்சம் கைவசம் ஒதுக்கியும் வைத்துக்கொள்கிறது. துல்லியமான எண் இல்லை, மதிப்பீடுதான். ஆனாலும் நாம் கையால் போடும் எந்தக் கழித்தலையும் விட நம்பலாம். இனி நான் "மிச்சம்" என்று எழுதினால் இதைத்தான் சொல்கிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். எங்கள் மாவட்டத்தில் வீராணம் ஏரி முழுக் கொள்ளளவான 47.50 அடியைத் தொட்டால் அது நல்ல செய்தி. காய்ந்து கிடந்தால்தான் கவலை. மெமரியும் அப்படியே. காசு கொடுத்து வாங்கிய 16 ஜிபியில் 10 ஜிபி காலியாகக் கிடந்தால் அது காய்ந்த ஏரி. நிரம்பியிருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. நிரம்பிய ஏரிக்கு வரத்து எவ்வளவு, வெள்ளியங்கால் ஓடையில் எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்பதுதான் கரையோரத்து ஊர்க்காரர்களின் கேள்வி. இதற்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

மீட்டர்

வேக முள் மாதிரி அரைவட்டம், நடுவில் பெரிய எண். எல்லா டாஷ்போர்டுக் கருவிகளிலும் முதலில் கண்ணில் படுவது இதுதான், வைப்பதும் சுலபம். பத்தடி தூரத்திலிருந்து படிக்கலாம். முதலாளிக்குப் பிடிக்கும்.

எண்ணை மெம்அவைலபிளுக்கு மாற்றிய பிறகும் எனக்கு இது ஒத்துவரவில்லை. முதல் காரணம், மீட்டருக்கு நேற்று என்பது கிடையாது. 80 என்று காட்டுகிறது; அரை மணி நேரம் முன்பு 40 ஆக இருந்து ஏறியதா, மூன்று மாதமாகவே 80-தானா? இரண்டுக்கும் நாம் செய்ய வேண்டிய காரியம் முற்றிலும் வேறு. இரண்டாவது, சதவீதம். 4 ஜிபி மெஷினில் 10 சதவீதம் என்றால் 400 எம்பி, ஒரு அறிக்கை எடுத்தால் போய்விடும். 64 ஜிபி மெஷினில் அதே 10 சதவீதம் ஆறு ஜிபிக்கு மேல். இரண்டையும் ஒரே சிவப்பில் காட்டினால் என்ன அர்த்தம்? இடமும் தண்டம். ஒரு எண்ணைச் சொல்ல ஒரு சாண் அகலம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டோம்.

அடுக்குக் கிராஃப்

கீழே புரோகிராம்கள், அதற்கு மேல் கெர்னல், அதற்கு மேல் கேஷ், உச்சியில் காலி என்று நிறம் நிறமாக அடுக்கி வைத்த மலை. முனின் என்ற கண்காணிப்புக் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தப் படம் கண்ணை மூடினாலும் தெரியும். எனக்கும் தொழில் கற்றுக்கொண்ட காலத்துப் படம் இது, கொஞ்சம் பாசம் உண்டு. அதனால் இதற்கு வாதாட நானே முன்னால் நின்றேன்.

இதன் பலம், "மெமரி எங்கே போச்சு?" என்று கேட்டால் பதில் சொல்லும். அடுக்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் மொத்தத்தைத் தொட வேண்டும் என்பதால், கணக்கில் ஏதாவது விடுபட்டால் மேலே பள்ளம் தெரியும். பேக்கப் ஓடும்போது கேஷ் அடுக்கு வீங்குவதையும் புரோகிராம் அடுக்கு அசையாமல் இருப்பதையும் ஒருமுறை காட்டிவிட்டால், புதிதாக வந்த பையனுக்கு ஒரு மணி நேரப் பாடம் மிச்சம்.

பலவீனம், சுவரில் மாட்டினால் தெரியும். அடுக்கில் அடியில் இருப்பது மட்டும்தான் நேரான தரையில் நிற்கிறது. மற்றவை எல்லாம் அசையும் தோளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அடி அடுக்கு ஏறினால் மேலே உள்ளவையும் ஏறுவது போலத் தோன்றும், உண்மையில் அவை தடித்தனவா மெலிந்தனவா என்று கண்ணால் சொல்ல முடியாது. 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் ஆட்களை வைத்தே சோதித்து, பொதுவான ஒரே அளவுகோலில் இருக்கும் இடத்தை ஒப்பிடுவதில்தான் மனிதக் கண் குறைவாகத் தவறுகிறது, பரப்பளவை ஒப்பிடச் சொன்னால் நிறையத் தவறுகிறது என்று காட்டினார்கள். அடுக்குக் கிராஃபில் முக்கியமான எண்ணை நடு அடுக்கில் வைத்தால், கண்ணுக்கு வராத வேலையைக் கொடுக்கிறோம்.

அதனால் அடுக்கு வேண்டும் என்றால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. விட்டுத் தர முடியாதது அடியில், விட்டுத் தரக் கூடியது மேலே. புரோகிராம்கள், அதன் மேல் பொது மெமரி, அதன் மேல் கெர்னல், பிறகு கோப்புக் கேஷ். காலி மெமரிக்கு நிறமே வேண்டாம், வெறும் வெளியாக விட்டுவிடலாம். கேஷிலிருந்து ஷ்மெம்மைக் கழித்து தனி அடுக்காக வைக்காவிட்டால் டேட்டாபேஸ் சர்வரில் படம் பொய் சொல்லும்; எங்களுக்கு அந்த ஒரு திருத்தம்தான் கண்ணைத் திறந்தது. மெம்அவைலபிளை இந்த அடுக்கில் சேர்க்கவே கூடாது. அது ஏற்கெனவே ஃப்ரீயையும் கேஷையும் உள்ளடக்கியது, சேர்த்தால் 15.6 ஜிபி மெஷினில் 22 ஜிபி மலை எழும். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் எங்கள் முதல் முயற்சியில் அதுதான் வந்தது. ஸ்வாப்பையும் மேலே அடுக்காதீர்கள். அது டிஸ்க்; மெமரி மலையின் மேல் ஏற்றினால் ரேம் கூடியது போல இருக்கும்.

முடிவில் அடுக்கை எடுத்துப் போடவில்லை, சுவரிலிருந்து மட்டும் இறக்கினோம். சர்வர் பெயரைச் சொடுக்கினால் திறக்கும் இரண்டாம் பக்கத்தில் வைத்தோம்.

மிச்சக் கோடு

ஒரே ஒரு கோடு. இன்னும் எவ்வளவு இருக்கிறது. அடியில் பூஜ்யம், உச்சியில் அந்த மெஷினின் மொத்தம். கோடு தரையை நோக்கி இறங்கினால் கவலை.

இது போட்ட முதல் நாளே அலுவலகத்தில் வாக்குவாதம். "மத்த கிராஃப் எல்லாம் மேல போனா ஆபத்து, இது மட்டும் கீழ போனா ஆபத்தா? குழப்பம்ண்ணா" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். சிபியு, டிஸ்க் எல்லாம் ஏறினால் கெட்டது. மெமரியை மட்டும் தலைகீழாகப் போடுகிறோம். நான் சொன்ன பதில்: வண்டியில் பெட்ரோல் முள் இறங்கினால்தானே பங்க் தேடுகிறோம், எவ்வளவு குடித்தது என்று யார் பார்க்கிறார்கள்? தவிர, மிச்சத்தைக் காட்டினால் ஆபத்தின் இடம் எல்லா மெஷினிலும் ஒன்றுதான்: தரை. பயன்பாட்டைக் காட்டினால் கூரை மெஷினுக்கு மெஷின் வேறு உயரத்தில் இருக்கும். அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கோட்டின் உண்மையான மதிப்பு அபாயக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில் இருக்கிறது. "20 சதவீதத்துக்குக் கீழே" என்று எங்கோ படித்ததைப் போடாதீர்கள். அந்த சர்வர் ஒரே மூச்சில் எவ்வளவு கேட்கக்கூடும் என்று கணக்குப் போடுங்கள். எங்கள் பில்லிங் சர்வரில் ஒரு அறிக்கைக்கு மூன்று இடத்தில் வரிசைப்படுத்தும் வேலை வரும், ஒவ்வொன்றுக்கும் போஸ்ட்கிரஸ் எடுத்துக்கொள்ளும் வரம்பான வொர்க் மெம் 64 எம்பி. ஆக ஒரு அறிக்கைக்கு 192 எம்பி. 20-ஆம் தேதி மாலை ஒரே நேரத்தில் பன்னிரண்டு அறிக்கைகள் ஓடுவது சாதாரணம், 2.25 ஜிபி. அதனால் கோடு 2.5-இல். சர்வர் ஒரு தாவலில் விழக்கூடிய ஆழம் அது. இப்படிப் போட்டால், கோட்டைத் தொட்டதும் என்ன செய்ய வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும்: அறிக்கைகளை வரிசையில் நிறுத்து.

ஒரு பொறி உண்டு. நாங்கள் 15 விநாடிக்கு ஒருமுறை அளக்கிறோம். ஒரு நாளைக்கு 5760 புள்ளிகள். சுவர் டிவியில் ஒரு கட்டத்தின் அகலம் 400 பிக்சல். ஆக ஒரு பிக்சலுக்குள் பதினான்கு புள்ளிகளை அடைக்க வேண்டும். சராசரி போட்டு அடைத்தால், ஒரு நிமிடம் தரையைத் தொட்டுத் திரும்பிய பள்ளம் மெல்லிய சரிவாக மழுங்கிவிடும். மிச்சத்தை வரைந்தால் அந்த இடைவெளியின் மிகக் குறைந்த அளவை எடுக்க வேண்டும். பயன்பாட்டை வரைந்தால் மிக உயர்ந்ததை. எங்கள் பழைய முனினில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளவு எடுத்தது. 20-ஆம் தேதிச் சம்பவத்தை அதில் போய்ப் பார்த்தால் பாயைச் சுருட்டி வைத்தது போலச் சமமாக இருக்கிறது.

அழுத்தக் கோடு

வீராணத்துக்கு வருவோம். நீர்மட்டம் 47 அடி என்பது ஒரு செய்தி, கரை தாங்குகிறதா என்பது வேறு செய்தி. மிச்சக் கோடு முதல் வகை. இரண்டாவது வகைக்கு லினக்ஸில் பிஎஸ்ஐ என்று ஒன்று இருக்கிறது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் எழுதியது, 2018 டிசம்பரில் கெர்னல் 4.20-உடன் வந்தது. மெமரி எவ்வளவு என்று அது சொல்லாது. மெமரி கிடைக்காமல் வேலைகள் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தன என்று சொல்லும். இரண்டு எண்கள்: ஒரு வேலையாவது காத்திருந்த நேரம், எல்லா வேலைகளும் ஒன்றாக முடங்கிய நேரம். கடைசி 10 விநாடி, 60 விநாடி, 300 விநாடி என்று சதவீதமாகக் கிடைக்கும்.

இதற்கு முன்னால் இதே வேலைக்கு ஸ்வாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதுவும் தப்பான விதத்தில். "ஸ்வாப் 1.3 ஜிபி பயன்பாட்டில்" என்ற எண் எங்கள் டாஷ்போர்டில் மாதக்கணக்கில் நின்றது. என்றோ ஒருநாள் வெளியே போன, யாரும் திரும்பக் கேட்காத பக்கங்கள், அதாவது மெமரித் துண்டுகள் அவை. பரணில் கிடக்கும் பழைய அண்டா மாதிரி, இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நொடிக்கு எத்தனை பக்கங்கள் ஸ்வாப்பிலிருந்து திரும்பி வருகின்றன என்பதுதான் வலியைக் காட்டும். பழைய கெர்னல் வைத்திருப்பவர்களுக்கு பிஎஸ்ஐ கிடையாது, அவர்கள் இந்த வேகத்தை வரைந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். ரெட் ஹாட் லினக்ஸ் 8 மாதிரி சிலவற்றில் வசதி இருந்தும் அணைத்து வைத்திருப்பார்கள், கெர்னல் தொடங்கும்போது கொடுக்கும் பூட் வரியில் சேர்த்து இயக்க வேண்டும்.

மிச்சமும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று முரண்படும் நேரங்களில்தான் இதன் அருமை தெரிகிறது. ஒருநாள் மிச்சம் 1.1 ஜிபிக்கு இறங்கியது, அழுத்தம் பூஜ்யத்தில் அசையவில்லை. இடுக்கமாக இருக்கிறது, ஆனால் யாரும் காத்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தோம், தானே ஏறியது. இன்னொரு நாள் கன்டெய்னர்கள், அதாவது தனித்தனிப் பெட்டிக்குள் அடைத்த புரோகிராம்கள், ஓடும் மெஷினில் மிச்சம் 3 ஜிபி, நிம்மதியான கோடு. அழுத்தம் மட்டும் 15 சதவீதம். ஒரு கன்டெய்னருக்கு நாங்களே போட்டிருந்த 1 ஜிபி வரம்பில் அது மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் இடம் இருக்கிறது, அலமாரிக்குள்தான் இல்லை. மிச்சக் கோட்டை மட்டும் நம்பியிருந்தால் அன்றைக்கு நெட்வொர்க்கைத்தான் குறை சொல்லியிருப்போம்.

அப்படியானால் அழுத்தத்தை மட்டும் போட்டால் போதாதா? போதாது. அது வலி வந்த பிறகுதான் எழும். மெல்ல மெல்லக் கசியும் புரோகிராம் ஒன்று மூன்று நாளாக மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தால் அழுத்தக் கோடு மூன்று நாளும் பூஜ்யம். மிச்சக் கோடு முதல் நாளிலேயே சாய ஆரம்பித்திருக்கும்.

ஜாவா சர்வரைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சிஸ்டம் சொல்லும் மிச்சம் பெரும்பாலும் சமதளமாக இருக்கும். ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் எடுத்ததைச் சட்டென்று திருப்பித் தருவதில்லை. ஜேவிஎம் தனக்குள் பயன்படுத்தும் மெமரியான ஹீப்பின் ரம்பப்பல் கிராஃபைத் தனியாக வரைந்து, வேண்டாதவற்றை அது நீக்கும் ஒவ்வொரு குப்பை அள்ளலுக்குப் பிறகும் அடிப்பல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பற்களின் அடி நாளுக்கு நாள் ஏறினால் கசிவு. உச்சியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒன்பது சர்வர், ஒரு சுவர்

ஒன்பது மிச்சக் கோடுகளையும் ஒரே கட்டத்தில் போட்டால் இடியாப்பம். நிறத்தையும் பெயரையும் பொருத்திப் பார்ப்பதற்குள் விஷயம் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சிறு கட்டங்கள் போட்டோம். மோசமானதை மேலே கொண்டுவரும்படி வரிசை மாறும் வசதி இருந்தது, ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம். எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு சர்வரும் ஒரே இடத்தில் இருந்தால், பெயரைப் படிக்காமலே "நடுவில் இருக்கிறது இறங்குது" என்று கண் பிடித்துக்கொள்ளும். சாமான் இடம் மாறாத சமையலறையில் இருட்டிலும் உப்பு டப்பா கைக்கு வருமே, அதுபோல.

நிறம்: சிவப்பு, பச்சையைத் தவிர்த்துவிட்டோம். நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தடுமாற்றம் இந்த இரண்டில்தான், எங்கள் அலுவலகத்திலேயே ஒருவருக்கு உண்டு. கோடு நீலம், அபாயக் கோட்டுக்குக் கீழே போனால் ஆரஞ்சு, கூடவே தடிமனும் கூடும். அலகு: எல்லாக் கட்டத்திலும் ஒரே கணக்காக வையுங்கள். 1024-ஆல் வகுத்தால் 15.6 ஜிபி, 1000-ஆல் வகுத்தால் அதே மெஷின் 16.75. ஒரு கட்டம் ஒரு கணக்கிலும் அடுத்தது வேறு கணக்கிலும் இருந்ததைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பிற்பகல் ஆனது.

அப்புறம், இடைவெளி. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் கண்காணிப்பு மெஷின் அலுவலகத்திலேயே இருந்ததால் மின்சாரம் போனதும் யுபிஎஸ் தீர்ந்து அணைந்துவிட்டது. மின்சாரம் திரும்பி அது எழுந்ததும், கிராஃப் விடுபட்ட மணி நேரங்களின் இரு முனைகளையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்து வைத்தது. பார்த்தவர்களுக்கு "புயல் அன்னிக்கு சர்வர் அமைதியா இருந்திருக்கே" என்று தோன்றியது. அமைதி இல்லை, யாரும் பார்க்கவே இல்லை. நாங்கள் கிராஃப் வரையப் பயன்படுத்தும் கிராஃபானாவில் விடுபட்ட புள்ளிகளை இணைக்காதே என்று சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது, அன்றைக்கே மாற்றினோம்.

கூண்டு

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சுலபமாகப் புரியும். மீனவருக்கு யாரும் காற்றழுத்த வரைபடத்தைக் காட்டுவதில்லை. 1-ஆம் எண் ஏற்றினால் தூரத்தில் எங்கோ உருவாகியிருக்கிறது. 3 என்றால் இங்கேயே பலத்த காற்று. 10 என்றால் துறைமுகத்தின் மேலோ ஒட்டியோ கடக்கப் போகிறது. அந்த எண் ஓர் அளவு அல்ல, யாரோ அளவுகளைப் பார்த்து எடுத்து முடித்த முடிவு. கடைசியாக 11 என்று ஒன்று உண்டு: வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். தகவல் இல்லை என்பதற்கும் ஒரு தனிக் கூண்டு. எந்த டாஷ்போர்டுக்காரர் யோசித்ததைவிடவும் முன்னால் யோசித்திருக்கிறார்கள்.

முதலாளி தன் போனில் ஒரே எண் கேட்டுக்கொண்டே இருந்தார். மீட்டரைத் திரும்பக் கொடுக்க மனமில்லை. அதனால் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கூண்டு எண் கொடுத்தோம், நான்கே நான்கு. மிச்சம் அபாயக் கோட்டுக்கு மேல், அழுத்தமும் இல்லை என்றால் ஒன்றும் ஏற்ற வேண்டாம். மிச்சம் மட்டும் கோட்டுக்குக் கீழே என்றால் 1. 60 விநாடி அழுத்தம் 10 சதவீதத்தைத் தாண்டினால், மிச்சம் கோட்டுக்கு மேல் இருந்தாலும் 3. இரண்டும் சேர்ந்தால் 10. இரண்டு நிமிடமாகத் தகவல் வரவில்லை என்றால் 11, கட்டம் முழுக்கச் சாம்பல் நிறம். ராத்திரியில் போன் பண்ண வேண்டியது 10-க்கும் 11-க்கும் மட்டும். 3-க்கு முதலில் தம்பியே பார்ப்பான். 1-க்குக் காலையில் வந்து பார்த்தால் போதும்.

இப்போது சுவரில் இருப்பது ஒன்பது சிறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மேலே மிச்சக் கோடு, அதன் அடியில் விரல் உயரத்துக்கு அழுத்தக் கோடு, மூலையில் கூண்டு எண். அடுக்குக் கிராஃப் உள்ளே இரண்டாம் பக்கத்தில். ஒரே ஒரு சர்வர் மட்டும் வைத்திருப்பவர்கள் இவ்வளவு செய்ய வேண்டியதில்லை. மிச்சக் கோட்டைப் போட்டு, தாவல் கணக்குப் பார்த்து அபாயக் கோடு ஒன்று போட்டாலே போதும். கன்டெய்னர் நிறைய ஓட்டுபவர்கள் அழுத்தத்தில் தொடங்கலாம்.

போன 20-ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு போன். "அண்ணா, பில்லிங் 1-ல இருக்கு. மிச்சம் 2.1. அழுத்தம் இன்னும் எழல. ரிப்போர்ட்ட ஆறு ஆறா விடுறேன், நீங்க சாப்பிடுங்க."

"சரி. எதுக்கு போன் பண்ண? 1-க்கு பண்ண வேணாம்னுதானே பேச்சு?"

"இல்லண்ணா, அந்தக் கோடு கீழ போறதப் பாத்தா இன்னும் எனக்கு ஏதோ நல்லது நடக்குற மாதிரியே இருக்கு. திருப்பிப் போட்டுடலாமா?"